ஷெஃபீல்டின் சாணைக்கல்லும் டசன் கணக்குக் கூலியும்

ஷெஃபீல்டில் ஓர் அருங்காட்சியகத் தன்னார்வலர் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம் ஊர் திரும்பிய பிறகும் என்னை விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊரில் கத்திக்கும் முள்கரண்டிக்கும் சாணை பிடித்தவர்கள் முப்பது, நாற்பது வயதிலேயே நுரையீரல் கெட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்திலேயே, சாணைக்கல்லை மூடி வைத்துத் தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் காற்றாடி ஒன்றும் வந்துவிட்டது. ஆனால் சாணை பிடித்தவர்களில் பலர் அதை வேண்டாம் என்றார்கள். சில இடங்களில் பொருத்தி வைத்ததை உடைத்தும் போட்டார்கள். ஆயுசு நீண்டால் தொழிலில் ஆள் கூடும், ஆள் கூடினால் கூலி குறையும் என்பது அவர்களின் பயம். இதைச் சொன்ன அந்தப் பெரியவர், "அவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள், யார் என்ன செய்ய முடியும்?" என்று முடித்துக்கொண்டு அடுத்த கூட்டத்தைக் கவனிக்கப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற ஓர் இளைஞர், "குடிகாரர்கள், படிப்பறிவு இல்லாதவர்கள்" என்று மனைவியிடம் விளக்கம் சொன்னார். இரண்டு பேச்சையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை எழுதிப் பார்த்தால்தான் தெளிவு வரும் என்று தோன்றியது.

வேலை விஷயமாக இங்கிலாந்தில் கொஞ்ச காலம் இருந்தபோதுதான் ஷெஃபீல்டுக்குப் போனேன். லண்டனைப் பார்த்தவர்கள் ஆக்ஸ்போர்டு, பாத் என்று கிளம்புவார்கள். எனக்கு ஷெஃபீல்டைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு. காரணம், எவர்சில்வர். எங்கள் வீட்டில் குடம், அண்டா, டிபன் கேரியர், தட்டு, டம்ளர் எல்லாமே எவர்சில்வர்தான். என் சித்தப்பா கும்பகோணத்தில் ஒரு பாத்திரப் பட்டறையில் பாலிஷ் போட்டவர். குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி 1913-இல் வார்த்தெடுத்தது ஷெஃபீல்டில்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததிலிருந்து அந்த ஊர்ப் பெயர் மனதில் தங்கிவிட்டது.

ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தால், 90 மீட்டர் நீளத்துக்கு வளைந்து செல்லும் எஃகுச் சுவர் ஒன்றில் தண்ணீர் வழிந்தபடி இருக்கிறது. அதைத் தாண்டி நகருக்குள் போக மேடேற வேண்டும். எங்கே திரும்பினாலும் ஏற்றம், அல்லது இறக்கம். ஷீஃப், டான், போர்ட்டர், லாக்ஸ்லி, ரிவலின் என்று ஐந்து ஆறுகள் ஓடும் ஊர். நம் கண்ணுக்கு அவை ஓடைகள்தான், சில இடங்களில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே கடந்துவிடலாம். ஆனால் எல்லாம் மேட்டிலிருந்து சரசரவென்று இறங்குகிற தண்ணீர். அந்த வேகம்தான் ஊருக்குப் பிழைப்பு தந்தது. இரும்புத் தாது, கரி, சாணைக்கு ஏற்ற மணற்கல், சக்கரம் சுற்றத் தண்ணீர் ஆகிய நான்கும் கூப்பிடு தூரத்தில் கிடைத்த ஊர் கத்தி செய்யாமல் வேறு என்ன செய்யும்? 1624-இலேயே கத்தித் தொழிலாளர்களுக்கென்று நாடாளுமன்றச் சட்டம் மூலம் ஒரு சங்கம் அமைந்துவிட்டது. அந்தச் சங்கத்தின் மாளிகை இன்றும் பேராலயத்துக்கு எதிரே கம்பீரமாக நிற்கிறது. அதை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

கெல்ஹாம் தீவில் இருக்கும் அருங்காட்சியகத்தில்தான் எல்லாரும் முதலில் கூடுகிறார்கள். நானும் அங்கேதான் போனேன். ரிவர் டான் எஞ்சின் என்று ஒரு ராட்சத நீராவி இயந்திரம். 1905-இல் செய்தது, மூன்று சிலிண்டர், 12,000 குதிரைத்திறன். போர்க்கப்பலுக்கான கவசத் தகடுகளை உருட்டுவதற்காக உருவாகி, 1978 வரை உழைத்திருக்கிறது. நான் போனபோது நீராவி கொடுத்து ஓட்டிக் காட்டினார்கள். முழு வேகத்தில் ஒரு பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது ஓரிரு நொடியில் நின்று மறுபக்கம் சுற்றத் தொடங்கியபோது காலடியில் தரை அதிர்ந்தது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த இயந்திரத்தைப் பார்த்துவிட்டு ஷெஃபீல்டைப் பார்த்தாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மூசையும் வெறுங்காலும்

ஊருக்குத் தெற்கே, ஷீஃப் ஆற்றங்கரையில் ஆபிடேல் என்ற பழைய அரிவாள் பட்டறை இருக்கிறது. புல்லறுக்கும் நீண்ட அரிவாள்களைச் செய்த இடம். உருக்குவது, அடிப்பது, சாணை பிடிப்பது, குடியிருப்பது எல்லாம் ஒரே வளாகத்துக்குள். மூசையில், அதாவது உலோகம் உருக்கும் களிமண் கலத்தில், எஃகு உருக்கும் உலை ஒன்று உருக்குலையாமல் முழுசாக மிஞ்சியிருப்பது உலகத்திலேயே இங்கு மட்டும்தான் என்கிறார்கள். 1740களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், கடிகார வில்லுக்கு நல்ல எஃகு கிடைக்கவில்லை என்று தானே முயன்று கண்டுபிடித்த முறை இது. களிமண் மூசையில் எஃகைப் போட்டு, கல்கரித் தணலில் முழுக்க உருக விட்டு, அச்சில் ஊற்றுவது. உள்ளூர்க் கத்திக்காரர்கள் அந்த எஃகு ரொம்பக் கெட்டியாக இருக்கிறது என்று தொடவே இல்லையாம். அவர் பிரான்சுக்கு விற்றார். அங்கிருந்து நல்ல கத்திகள் வந்து இறங்கிய பிறகுதான் இவர்களுக்குப் புத்தி வந்தது.

மூசை என்றதும் எனக்குக் கொடுமணல் ஞாபகம் வந்தது. நொய்யல் கரையில் தோண்டி எடுத்த உலைத் தடயங்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. தென்னிந்தியாவில் மூசையில் எஃகு செய்த வழக்கம் ஹண்ட்ஸ்மனுக்கு மிகப் பல நூற்றாண்டு முந்தியது. ஊட்ஸ் என்று அவர்கள் அழைத்த நம் எஃகைப் பற்றி 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் கட்டுரை படித்தார். 1820 வாக்கில் மைக்கேல் ஃபாரடேயும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வியாபாரியும் அதே மாதிரி எஃகைச் செய்து பார்க்க மெனக்கெட்டார்கள். அவர்கள் கலவைகளைப் பெரிய அளவில் உருக்கிக் கொடுத்தது ஷெஃபீல்டில்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நம் ஊரில் அந்த உலையை ஊதியவர் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது என்பதைச் சொல்லவே இங்கே கொண்டுவந்தேன்.

ஆபிடேலில் என்னை நிறுத்தி வைத்தது மூசை செய்யும் அறை. தரையோடு தரையாக ஒரு களம். களிமண்ணையும் கரித்தூளையும் சேர்த்துத் தண்ணீர் விட்டு, ஓர் ஆள் வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பார். சின்னக் கல் ஒன்று கலந்திருந்தாலும் உள்ளங்காலில் உறுத்திக் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால்தான் செருப்பு கூடாது. கல்லோடு சேர்ந்து சுட்ட மூசை உலைக்குள் விரிசல் விட்டால் உருகிய எஃகு மொத்தமும் தணலுக்குள் போய்விடும். பக்கத்து அறையில், உலைக்குழியிலிருந்து மூசையைத் தூக்குகிறவர் காலிலும் இடுப்பிலும் நனைத்த சாக்கைச் சுற்றிக்கொண்டு நிற்பார். குழியின் மேல் கால்களை அகட்டி நின்று, வெள்ளையாகத் தகிக்கும் மூசையை இடுக்கியால் பிடித்து ஒரே மூச்சில் மேலே இழுக்க வேண்டும். வெப்பமானி கிடையாது. எஃகு பக்குவத்துக்கு வந்துவிட்டதா என்பதைத் தலைமை உருக்காளர் கண்ணால் பார்த்துச் சொல்வார். இத்தனை கைகளும் கால்களும் சேர்ந்துதான் "ஷெஃபீல்டு" என்ற முத்திரையை ஒரு கத்தியில் பதித்தன.

போர்ட்டர் ஓடைக் கரையில்

இதெல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஷெப்பர்ட் வீல் என்ற பழைய சாணைக்கூடத்துக்குப் போனேன். என்ட்கிளிஃப் பூங்காவில் நுழைந்து போர்ட்டர் ஓடையை ஒட்டியே மேலே நடந்தால், மரங்களுக்கு நடுவே கல்லால் கட்டிய தாழ்ந்த கட்டடம் ஒன்று வரும். நம் ஊர் மாட்டுக்கொட்டகை உயரம்தான் இருக்கும். பின்னால் மேட்டில் ஒரு குட்டை, அதில் வாத்துகள். குட்டைத் தண்ணீரைத் திறந்துவிட்டால் பதினெட்டு அடி விட்டமுள்ள நீர்ச்சக்கரம் மெல்லச் சுற்றத் தொடங்குகிறது. அந்தச் சுற்று பல்சக்கரங்கள் வழியாகவும் பெல்ட் வழியாகவும் உள்ளே வரிசையாக இருக்கும் சாணைக்கற்களுக்குப் போகிறது. 1930 வரை இங்கே வேலை நடந்திருக்கிறது. பிறகு பல காலம் பாழாகக் கிடந்து, 2012-இல் மீண்டும் சுற்ற வைத்திருக்கிறார்கள்.

உள்ளே இருட்டு. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு தொட்டி, தொட்டியில் தண்ணீர், கல் பாதி அதில் மூழ்கிச் சுற்றுகிறது. கல்லுக்குப் பின்னால் குதிரைச் சேணம் போல ஒரு மரப்பலகை. அதில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, முழங்கையை முட்டியில் ஊன்றி, முழு உடம்பின் பாரத்தையும் கத்தியின் மேல் கொடுத்து அழுத்த வேண்டும். தன்னார்வலர் உட்கார்ந்து காட்டினார். நான் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். அவர் முகம் கல்லுக்கு நேர் மேலே வந்துவிட்டது. மூக்குக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. வேறு மாதிரி உட்காரவும் முடியாது, உட்கார்ந்தால் கையில் பாரம் வராது. சுவரெல்லாம் மஞ்சள் நிறத்தில் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. கல்லின் துகளும் எஃகின் துகளும் தண்ணீரில் கலந்து தெறித்தது அது. விரலால் தொட்டுப் பார்த்தேன், மாவு போல ஒட்டியது.

தண்ணீர் இருக்கும்போது தூசி ஏது என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன். புதுக் கல்லை ஏற்றும்போது அது சரியான வட்டமாக இருக்காது, ஆடும். காய்ந்த கல்லைச் சுற்ற விட்டு, இரும்புப் பட்டையை வைத்துச் செதுக்கித்தான் வட்டம் பிடிக்க வேண்டும். அப்போது கூடம் முழுக்கப் புகைமூட்டமாகக் கல்தூசி எழும். ஒருவர் கல்லை வட்டம் பிடித்தால் கூடத்திலிருக்கும் எல்லாரும் அதைச் சுவாசித்தாக வேண்டும். இது ஈரக்கல்லில் வேலை செய்தவர்கள் கதை. முள்கரண்டிக்குச் சாணை பிடித்தவர்கள் தண்ணீரே இல்லாத காய்ந்த கல்லில் வேலை செய்தார்கள். நாள் முழுக்க, வருஷம் முழுக்க அதே தூசி. மணற்கல்லில் இருக்கும் சிலிக்கா நுரையீரலின் அடி ஆழம் வரை போய்த் தங்கும். தங்கிய இடத்தில் தழும்பு விழும், தழும்பு கூடக் கூட நுரையீரல் இறுகும். பிறகு காசநோய் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதைக் கணக்காக எழுதி வைத்தவர் ஷெஃபீல்டு மருத்துவர் ஆர்னால்டு நைட். அவர் காலத்தில் அந்த ஊரில் சாணை பிடித்தவர்கள் சுமார் 2,500 பேர். அதில் முள்கரண்டிக்காரர்கள் 150 பேர் போல: 80 ஆண்கள், 70 சிறுவர்கள். அவர்கள் 28 வயதுக்கும் 32 வயதுக்கும் இடையில் இறந்துபோனார்கள். ஈரக்கல்லிலும் காய்ந்த கல்லிலும் மாறி மாறி வேலை செய்த சவரக்கத்திக்காரர்கள் 40 முதல் 45-க்குள். ஈரக்கல்லில் மட்டும் வேலை செய்த மேசைக்கத்திக்காரர்கள் 40 முதல் 50-க்குள். எந்தச் சாமானுக்குச் சாணை பிடிக்கிறாய் என்று சொன்னால் எந்த வயதில் சாவாய் என்று சொல்லிவிடலாம் என்ற நிலை. இரைப்போடு தன்னிடம் வந்த முள்கரண்டிக்காரர்களிடம், திரும்பக் கல்லுக்குப் போனால் சாவு நிச்சயம் என்று அவர் எத்தனையோ தடவை எச்சரித்திருக்கிறார். போகத்தான் செய்தார்கள்.

அவர் சொன்ன இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆற்றங்கரையில் நீர்ச்சக்கரத்தோடு வேலை நடந்த காலத்தில் இந்த நோய் இவ்வளவு மோசமில்லை. கோடையில் தண்ணீர் வற்றும், வேலை நிற்கும். ஒரு கூடத்தில் சில கற்கள்தான், சுற்றிலும் காடும் காற்றும். நீராவி வந்த பிறகு ஆலைகள் ஊருக்குள் வந்தன. கற்கள் நெருக்கி வைக்கப்பட்டன. வற்றிப்போக ஆறு இல்லாததால் ஓய்வும் இல்லாமல் போயிற்று. ஷெப்பர்ட் வீல் பார்க்க அவ்வளவு அழகாக இருப்பதும், முள்கரண்டிக்காரர்கள் செத்துக்கொண்டிருந்த நகரத்து நீராவிக் கூடங்கள் யார் கண்ணிலும் படாததும் சேர்ந்து, வருகிறவர்களுக்குப் பாதிக் கதையைத்தான் சொல்கின்றன. என் மனக்குறை இதுதான்.

"தெரியாம இல்லடா"

சரி, காற்றாடி விஷயத்துக்கு வருகிறேன். காற்றாடிக்கு முன்னால் ஒரு காந்தக் கருவி வந்தது. 1820களில் ஆபிரகாம் என்ற ஷெஃபீல்டுக்காரர் செய்தது. காந்தத்தை வாய்க்கு அருகே வைத்தால் இரும்புத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். நல்ல எண்ணத்தில்தான் செய்தார், பரிசும் கிடைத்தது. ஆனால் கொன்றது கல்லின் தூசி. கல் காந்தத்தில் ஒட்டுமா? கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு, இது மாட்டியும் இருமல் நிற்கவில்லை என்பது ஒரு மாதத்தில் தெரிந்திருக்கும். வெளியிலிருந்து வருகிற கருவிகளை அவன் ஏன் சந்தேகத்தோடு பார்த்தான் என்பதற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான், ஆனால் நியாயமான ஊகம் என்று நினைக்கிறேன்.

காற்றாடி அப்படி இல்லை, அது உண்மையிலேயே வேலை செய்தது. அங்கேதான் என் யோசனை முட்டிக்கொண்டு நின்றது. அந்த வாரக் கடைசியில் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். ஷெஃபீல்டில் பார்த்ததையெல்லாம் சொன்னேன். மஞ்சள் சேறு பற்றிச் சொன்னபோது, "எங்களுக்குக் கறுப்பா இருக்கும்" என்றார். பாலிஷ் மோட்டாரில் சுற்றும் துணிச்சக்கரத்தில் டம்ளரை அழுத்திப் பிடிக்கும்போது பறக்கும் தூள், முகம், புருவம், காது மடல் எல்லாம் படியும். சின்ன வயதில் அவர் வீடு திரும்பும்போது கண்ணின் வெள்ளை மட்டும் தெரிந்தது எனக்கு நினைவிருக்கிறது.

"மூக்குக்கு ஏதாவது கட்டிக்குவீங்களா சித்தப்பா?"

"துண்டுதான். முதலாளி ஒரு தடவை டப்பாவோட மாஸ்க் வாங்கிப் போட்டார். யாரு போட்டா?"

"ஏன் போடல?"

"மூச்சு முட்டும்டா. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கழட்டி உதறணும். கூலி டசன் கணக்குல. உதறுற நேரத்துக்கு எவன் காசு குடுப்பான்? நான் போட்டுக்கிட்டு எட்டு டசன் போட்டா, பக்கத்து மோட்டார்க்காரன் போடாம பத்து டசன் போடுவான். அடுத்த வாரம் சரக்கு யாருக்குப் போகும்?"

"உடம்புக்கு ஆகாதுன்னு தெரியாதா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தெரியாம இல்லடா. துப்புனா கறுப்பா வரும். அதைவிட என்ன தெரியணும்?" என்றார். வேறு வேலை கிடைத்ததும் அன்றைக்கே பட்டறையை விட்டுவிட்டதாகவும் சொன்னார். மாமா ஒருவர் கூட்டுறவுச் சங்கத்தில் எடைபோடும் வேலைக்குச் சேர்த்துவிட்டார். இருமல் இன்னும் இருக்கிறது. ஆனால் எழுபதைத் தாண்டிவிட்டார்.

போனை வைத்த பிறகு ஷெஃபீல்டுக்காரர்களின் கணக்கு எனக்குப் புரிபட ஆரம்பித்தது. அவர்களுக்கும் டசன் கணக்கில்தான் கூலி. சாணை பிடிப்பவர் யாருக்கும் மாதச் சம்பள ஆள் இல்லை. கல்லுக்கு முன்னால் உட்காரும் இடத்துக்கே அவர்தான் வாடகை கொடுத்தார். கல், பெல்ட் எல்லாம் சொந்தச் செலவு. அதோடு காற்றாடிச் செலவும் வந்து சேர்ந்தால் அவர் தலையில்தான் விழும். முள்கரண்டிச் சாணைக்கு மற்றவற்றைவிடக் கூலி கூட. ஏன் கூட? அந்த வேலைக்கு வரப் பயந்து பாதிப் பேர் ஒதுங்கியதால்தான். அந்தப் பயத்தைக் காற்றாடி எடுத்துவிட்டால் நாளைக்கு நூறு பேர் வாசலில் நிற்பார்கள். கூலி பாதியாகும், ஆயுசு பத்து வருஷம் கூடும். கூடிய பத்து வருஷமும் பிள்ளைகளோடு அரை வயிற்றுக் கஞ்சி. இந்தக் கணக்கைப் போட்டவனைப் படிப்பறிவில்லாதவன் என்று நான் சொல்ல மாட்டேன். அவன் மிக நன்றாகத் தெரிந்துதான் போட்டான். அவனுக்குக் கொடுக்கப்பட்ட எண்கள் அவ்வளவுதான். குறுகிய ஆயுசு என்பது கூலியில் ஒரு பகுதியாகவே சேர்த்து எண்ணப்பட்டது. அதை எண்ணிக் கொடுத்தவர்களையும் வாங்கி விற்றவர்களையும் விட்டுவிட்டு, வாங்கிக்கொண்டவனை மட்டும் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. "அவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள்" என்ற பேச்சு கேட்பதற்கு இரக்கமாக இருந்தாலும் அதைத்தான் செய்கிறது.

இதே கணக்கு இன்னும் பயங்கரமான இடத்துக்கும் போயிருக்கிறது. வில்லியம் பிராட்ஹெட் என்பவர் ரம்பத்துக்குச் சாணை பிடிப்போர் சங்கத்தின் செயலாளர். சங்க விதியை மீறுகிறவர்களின் பெல்ட்டை ராவோடு ராவாகக் கழற்றிக்கொண்டு போவது அந்த ஊர் வழக்கம். பெல்ட் இல்லாமல் கல் சுற்றாது, சங்கத்தில் கட்ட வேண்டியதைக் கட்டினால் பெல்ட் திரும்ப வரும். அது முற்றி, 1859-இல் ஜேம்ஸ் லின்லி என்பவரைக் காற்றுத்துப்பாக்கியால் சுட்டார்கள், அந்தக் காயத்திலேயே பிறகு இறந்தார். அவர் செய்த குற்றம், அளவுக்கு மீறிச் சிறுவர்களைத் தொழிலில் சேர்த்துக்கொண்டது. 1866-இல் ஒரு தொழிலாளியின் வீட்டில் வெடிமருந்து வைத்தார்கள். 1867-இல் விசாரணைக் குழு ஷெஃபீல்டுக்கே வந்து உட்கார்ந்து, உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்று உறுதி கொடுத்தது. சுடச் சொல்லிக் காசு கொடுத்தது தான்தான் என்று பிராட்ஹெட் ஒப்புக்கொண்டார். கொலைக்கு நியாயம் கிடையாது, அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் காற்றாடியை உடைத்த கையும் லின்லியைச் சுட்ட கையும் ஒரே பயத்திலிருந்து வந்தவை என்பதைப் பார்க்காமல் இரண்டையும் புரிந்துகொள்ள முடியாது. தொழிலில் ஆள் கூடிவிடக் கூடாது என்ற பயம் அது. அந்தச் சமயம் தொழிற்சங்கங்களைப் பற்றி நாடளவில் நடந்த விசாரணையின் முடிவில், 1871-இல் சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. கூலியைப் பேசி முடிவு செய்ய வேறு வழி கிடைத்தது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

காற்றாடியும் ஒருவர் விருப்பத்துக்கு விட்டிருந்த வரைக்கும் வரவில்லை. சட்டம் கட்டாயமாக்கி, ஆய்வாளர் வந்து பார்க்கத் தொடங்கிய பிறகுதான் பரவலாக வந்தது. பின்னாளில் மணற்கல்லின் இடத்தைச் செயற்கைச் சாணைக்கற்கள் பிடித்த பிறகு சிலிக்கா தூசியும் குறைந்தது. சித்தப்பா சொன்ன பக்கத்து மோட்டார்க்காரன் பிரச்சினைக்கு இது ஒன்றுதான் வழி. எல்லாரும் ஒரே நேரத்தில் மாஸ்க் போட்டாக வேண்டும் என்றால் எவனும் எவனையும் முந்த முடியாது.

பெயர் உள்ளவர்களும் எண்ணாக மட்டும் இருப்பவர்களும்

கிளம்பும் நாளில் ஹோவர்டு தெருவில் பிரியர்லியின் பெரிய சுவரோவியத்தைப் பார்த்தேன். உருக்காலைத் தொழிலாளியின் மகன், ஆய்வகத்தில் பாட்டில் கழுவும் பையனாகச் சேர்ந்து மேலே வந்தவர். துப்பாக்கிக் குழல் உள்ளே அரிக்காமலிருக்க வழி தேடும்போது துருப்பிடிக்காத எஃகை வந்தடைந்தார். அவருக்கு ஓவியம் வைத்தது முழுக்கத் தகும். நகர மண்டபத்தின் முன்னால் 2016-இல் வைத்த 'எஃகுப் பெண்கள்' சிலையும் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் போர்முனைக்குப் போக, ஆலைகளை ஓட்டியவர்கள் பெண்கள். போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்குச் சிலை வைக்க எழுபது வருஷம் ஆகியிருக்கிறது. அதை விடாமல் கேட்டு வாங்கியதும் அந்த ஆலைகளில் வேலை செய்த பாட்டிமார்கள்தான். கரண்டிகளுக்குப் பளபளப்பு ஏற்றிய பெண்கள் பழுப்புக் காகிதத்தை மேலே சுற்றிக்கொண்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்த புகைப்படங்களையும் பார்த்தேன். முகம் கறுத்துக் கண் மட்டும் தெரிந்தது.

முள்கரண்டிக்காரர்களுக்கு அப்படி எதுவும் நான் பார்க்கவில்லை. வார்ப்பு மூசைக்குக் கண்ணாடிப் பெட்டி இருக்கிறது, கத்திக்கு இருக்கிறது, எஞ்சினுக்கு ஒரு மண்டபமே இருக்கிறது. பளபளக்கும் முள்கரண்டி வரிசைக்குப் பக்கத்தில் "இதற்குச் சாணை பிடித்தவர்கள் 28 முதல் 32 வயதுக்குள் இறந்தார்கள்" என்று ஒரு வரி வைத்தால் போதும். விருந்தினர் பதிவேட்டில் இதை ஆங்கிலத்தில் எழுதி, காற்றாடியை அவர்கள் ஏன் மறுத்தார்கள் என்று சொல்லும்போது கூலிக் கணக்கையும் சேர்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு வந்தேன். அப்புறம் மின்னஞ்சலும் அனுப்பினேன். பார்க்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கெல்ஹாம் தீவில் தொடங்காதீர்கள். அந்த எஞ்சினின் சத்தத்துக்குப் பிறகு மற்றதெல்லாம் சின்னதாகத் தெரியும். முதலில் ஷெப்பர்ட் வீலுக்குப் போங்கள். வார இறுதிகளில்தான் பெரும்பாலும் திறந்திருக்கும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஹன்டர்ஸ் பாரில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பூங்கா வழியாக நடந்தே போய்விடலாம். உள்ளே போனதும் தன்னார்வலரிடம் கல்லின் முன்னால் உட்கார்ந்து காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நின்று, மூக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காற்றாடியைப் பற்றிப் பேச்சு வந்தால், ஒரு டசன் முள்கரண்டிக்கு எவ்வளவு கூலி, கல்லுக்கும் இடத்துக்கும் அதில் எவ்வளவு போகும் என்று கேளுங்கள்.